லிட்டருக்குப் பதிமூன்று

மதியம் ஒரு மணிக்கு வண்டி கை மாறும். இடம் பெட்ரோல் பங்க், காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கம். விடியற்காலையிலிருந்து அவள் ஓட்டுவாள். ஒரு மணிக்கு மேல் அவள் புருஷன். இறங்குகிறவர் டாங்கை வாய்வரை நிரப்பிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இரண்டு பேரும் மீறாத சட்டம் அது ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தில் ஒரு வசதி இருந்தது. யார் கையில் வண்டி எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். ஆறு மாதமாக அதுவே வினையாகிவிட்டது.

"அக்கா, உங்களுக்கு நாலரை லிட்டர்," என்றாள் பெட்ரோல் போடும் பெண். "நேத்து சாயங்காலம் அண்ணனுக்கு ஒம்பது. ரெண்டு பேரும் ஒரே வண்டியத்தான் ஓட்டுறீங்களா, இல்ல எனக்குத் தெரியாம இன்னொண்ணு வச்சிருக்கீங்களா?"

அவள் எண்பத்தாறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தாள். லிட்டருக்குப் பத்தொன்பது. முந்தின நாள் அவர் ஓட்டியது நூற்றுப்பதினேழு. லிட்டருக்குப் பதிமூன்று.

"அவருக்கு மேட்டுச் சவாரி ஜாஸ்தி," என்றாள்.

"உங்களுக்கு மட்டும் மேட்டக் குடைஞ்சு பாதை போட்டு வச்சிருக்காங்களாக்கும்."

அதே மேடுதான். ஊர் கீழே. ஆஸ்பத்திரியும் ரயில் நிலையமும் மேலே. நடுவில் ஏழு வளைவு. காலையில் அவள் மூன்று நர்சுகளை ஏற்றிக்கொண்டு போவாள். மதியத்துக்கு மேல் அவர் ரயிலுக்குப் போகிறவர்களையும் வருகிறவர்களையும்.

அவர் சாப்பாட்டுப் பையோடு நடந்து வந்தார். மழைக்கோட்டின் தலைப்பகுதியை இறக்கவில்லை. பெட்ரோல் போடும் பெண் ஏதோ கேலி சொன்னாள். அவர் திரும்பவில்லை. நேராக மீட்டரிடம் போய்க் குனிந்து பார்த்தார்.

"பத்தொம்பதா?"

"பத்தொம்பது."

"உனக்கு மட்டும் எப்படிக் குடுக்குது இது?" என்றார். கோபமில்லை. ஒரு குழந்தை அம்மாவிடம் மட்டும் சாப்பிட்டால் அப்பா கேட்பது போலக் கேட்டார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதல் கியரில் வண்டி அலறிக்கொண்டு சாலை ஏறியது. கடைத்தெரு முனை வரைக்கும் அந்த அலறல் மாறவில்லை.

டாக்ஸி ஸ்டாண்டில் அவர் பெயர் சொட்டு. பெட்ரோல் போட்ட குழாயை எடுக்கும்போது, அதை டாங்கின் வாயில் இரண்டு தட்டுத் தட்டிக் கடைசிச் சொட்டையும் இறக்கிவிட்டுத்தான் விடுவார். கஞ்சன் இல்லை. வீணாவது பிடிக்காது, அவ்வளவுதான். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக உருள விடுவார். சிக்னல் மாறப்போவதை இரண்டு தெரு தள்ளியே கண்டுபிடிப்பார். பழைய வண்டியில், அந்தப் பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டே, லிட்டருக்குப் பதினைந்து எடுத்த மனிதர்.

அந்த வண்டி ஓய்ந்ததும் இந்த வண்டியை எடுக்கச் சொன்னது அவள் தம்பி. மெக்கானிக். சின்ன எஞ்சின், மூன்று சிலிண்டர், கூட ஒரு டர்போ. "பாக்கத்தான் பொடிசு மாமா, பெருசு மாதிரி இழுக்கும், பொடிசு மாதிரிதான் குடிக்கும்," என்றான். சொட்டு நம்பவில்லை. வாங்கின முதல் வாரமே பதினெட்டு வந்தது. ஒருநாள் இருபதைத் தொட்டது. அன்றைக்கு ஸ்டாண்டில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். சொட்டு டீ வாங்கிக் கொடுத்த நாள் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டியில் அவருக்குப் பிடித்தது அந்த விசில். மிதிக்க மிதிக்க எஞ்சினுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் எழும்பும். டர்போ சுற்றுகிற சத்தம். "சளி பிடிச்ச குழந்தை தூங்கறப்ப மூக்கு விசிலடிக்குமே, அந்த மாதிரி இருக்கு பாரு," என்று அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்க வைத்தார். அந்த விசில் கேட்டதும் கியரை மேலே போடுவார். எஞ்சின் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்ததே இல்லை. அவர் ஓட்டியதெல்லாம் காதால்தான்.

அது மூன்று வருஷத்துக்கு முன்பு.

*

தம்பியின் பட்டறை தகரக் கூரை. மழை பெய்தால் உள்ளே பேச முடியாது, கத்த வேண்டும். அந்த வாரம் முழுக்க மழை.

ஆறு மாதத்தில் அவன் அந்த வண்டியில் கை வைக்காத இடமில்லை. காற்று வடிகட்டியை மாற்றினான். பிளக்கை மாற்றினான். பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுகிறதா என்று நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தான். டயரில் காற்றைக் கூட்டினான். டர்போவையே இரண்டு தடவை கழற்றி, உள்ளே விரல் விட்டு ஆட்டிப் பார்த்து, திரும்ப மாட்டினான். வியாழக்கிழமை மூன்றாவது தடவை கழற்றினான்.

அவள் கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கும் அதுதான் மதியச் சாப்பாடு. அவித்த முட்டை, ரொட்டி, வாழைப்பழம்.

"மாமா, இங்க வாங்க," என்றான் தம்பி. டர்போ அவன் உள்ளங்கையில் இருந்தது. பெரிய நத்தை அளவு. "இந்தச் சக்கரத்தத் தட்டுங்க."

சொட்டு ஒரு விரலால் தட்டினார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆட்டம் இருக்கா?"

"இல்ல."

"எண்ணெய்க் கசிவு இருக்கா?"

"இல்ல."

"அப்ப இதுமேல என்ன குத்தம்?"

"அத நீதான சொல்லணும். மெக்கானிக் நீயா நானா?"

தம்பி டர்போவைத் துணி மேல் வைத்தான். முட்டையை வாங்கிக்கொண்டான். "மாமா, கோவப்படாமக் கேளுங்க. இது என்ன பண்ணுது? வெளிய போற புகை இந்தச் சக்கரத்தச் சுத்துது. இது சுத்தி, அந்தப் பக்கம் காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுது. காத்து கூடினா பெட்ரோலும் கூடத்தான் செய்யும். மெதுவா மிதிச்சா இது சும்மா இருக்கும். நீங்க ஓட்டுறது சின்ன எஞ்சின். போட்டு மிதிச்சீங்கன்னா இது எந்திரிச்சிடும். அப்ப நீங்க ஓட்டுறது பெரிய எஞ்சின். எதுல ஓடணும்னு வண்டி முடிவு பண்றதில்ல மாமா."

"பின்ன யாரு?"

தம்பி முட்டையை வாயில் போட்டுக்கொண்டான்.

"சொல்லேன்டா. யாரு?"

"உங்க கால்."

சொட்டு தன் காலைப் பார்த்தார். இரண்டு காலையும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கேன். இந்தக் கால வச்சுத்தான் ஓட்டினேன். அப்ப நல்லா இருந்த கால் இப்ப கெட்டுப்போச்சாம். கேட்டியா உன் தம்பி சொல்றத?"

"அவன் கெட்டுப்போச்சுன்னு சொல்லலங்க."

"ரெண்டும் ஒண்ணாச் சேந்துக்கிட்டீங்க. சரி. சனிக்கிழமை ஒருத்தன் வண்டி பாக்க வர்றான். வித்துடறேன். இந்த டர்போ எழவே இல்லாம, பழைய மாதிரி பெரிய எஞ்சினா ஒண்ணு பாத்துக்கறேன். எனக்கு இத எடுத்துக் குடுத்தவனுக்கும் ஒரு கும்பிடு."

மழை தகரத்தில் கொட்டியது. யாரும் கத்தத் தயாராக இல்லை. மூன்று பேரும் ரொட்டியைத் தின்றார்கள். வண்டி போனால் போகிறது. ஆனால் அவர் அந்தக் கும்பிடைப் போட்டுவிட்டால் எடுக்க மாட்டார். தன் பெரிய அண்ணன் வீட்டுக்கு அவர் ஒரு கும்பிடு போட்டு எட்டு வருஷம். கூடப் பிறந்த அண்ணன். இன்னும் அந்தத் தெருவில் சவாரி என்றால் வேறு ஆளை அனுப்புகிறார். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி.

"ஒண்ணு பண்ணலாம்," என்றான் தம்பி, டீ டம்ளரைக் கழுவிவிட்டு வந்து. "எல்லாத்தையும் துடைச்சு மாட்டறேன். நாளைக்கு மதியம் மூணு பேருமா மேடு ஏறுவோம். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன். அப்பவும் சரியில்லைன்னா வித்துடுங்க. நானே ஆள் பிடிச்சுத் தர்றேன்."

சொட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி," என்றார்.

*

வெள்ளிக்கிழமை மழை தூறலாகக் குறைந்திருந்தது. சொட்டு ஓட்ட, தம்பி முன்னால் பக்கத்தில், அவள் பின்னால் நடுவில். கண்ணாடியில் புருஷன் நெற்றியும் தம்பி காதும் தெரிந்தன.

முதல் வளைவிலேயே அவளுக்கு உறுத்தியது. அவர் இரண்டாவது கியரிலேயே இழுத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் போதும் போதும் என்று கத்தியது. விசில் எழும்பி, உச்சிக்குப் போய், அங்கேயே நின்றது. அவள் கை தானாகக் கியர் இருக்கும் பக்கம் நகர்ந்தது. இந்த ஆறு மாதத்தில் அவர் ஓட்டும்போது அவள் உட்கார்ந்து வந்ததே இல்லை. ஒருவர் ஓட்டும்போது ஒருவர் தூங்குவார், அல்லது சமைப்பார்.

"முள்ளப் பாருங்க மாமா, நாலாயிரத்தத் தாண்டுது," என்றான் தம்பி.

"ரோட்டப் பாக்கவா, முள்ளப் பாக்கவா?"

நாலாவது வளைவில் அது நடந்தது. 'டப்'பென்று ஒரு சத்தம். அதன் பின்னால் ஒரு சீறல். யாரோ காதுக்குள் புதுத் துணியைக் கிழிப்பது போல. அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். தம்பி முன்கண்ணாடியில் முட்டுகிற மாதிரிக் குனிந்தான். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் ரப்பர்க் குழாய் பிடுங்கிக்கொண்டது. மாட்டும்போது அதன் கிளாம்பை முறுக்க மறந்துவிட்டான். அவனுக்கே அந்த நொடியில்தான் தெரிந்தது.

சொட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப பாரு மாப்ளே," என்றார். "இதத்தான் சொல்றேன். மிதிக்கறேன், இழுக்குதா? இழுக்கல. இதுக்குமேல நான் என்ன மிதிக்கறது?" இன்னும் மிதித்தார். சீறல் கூடியது. பின்கண்ணாடியில் கருத்த புகை எழுந்தது. சாலையோரம் குடை பிடித்து நடந்துகொண்டிருந்த ஒரு பெண் நின்று, காதைப் பொத்திக்கொண்டு, வண்டியைப் பார்த்தாள்.

அவர் முகத்தில் ஒன்றுமில்லை. வண்டி இழுக்கவில்லை என்கிற விசனம் மட்டும்தான்.

தம்பி திரும்பினான். அக்காளைப் பார்த்தான். அவள் காதிலிருந்து கையை எடுத்தாள்.

"நிறுத்துங்க மாமா," என்றான். அவர் நிறுத்தவில்லை. அவன் அவர் கையைத் தொட்டான். "நிறுத்துங்க."

"என்ன?"

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். "கிளாம்பு ஒண்ணு சரியா முறுக்கலபோல மாமா. என் தப்பு. பாத்துடறேன்."

பானெட்டைத் திறந்தார்கள். குழாய் அறுந்த வால் மாதிரித் தொங்கியது. சொட்டு பார்த்தார். ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்ட மாதிரி அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"டர்போவக் கழட்டத் தெரியுது, மாட்டத் தெரியுது, ஒரு கிளாம்பு முறுக்கத் தெரியல! என் காலக் குத்தம் சொன்னல்ல? இது யார் கால்? உன் கையா என் காலா? இந்த வேலைக்கு உனக்கு ஒரு போர்டு வேற. பெரிய எழுத்துல."

"தப்புதான் மாமா."

"ஆறு மாசமா இத இப்படித்தான் மாட்டி மாட்டிக் குடுத்திருக்க."

"இருக்கும் மாமா."

வேலையைப் பற்றி ஒரு சொல் சொன்னால் திரும்ப நாலு சொல் சொல்கிறவன் தம்பி. தூறலில் நனைந்துகொண்டு குழாயை மாட்டி, திருப்புளியால் முறுக்கினான். சொட்டு கீழே பட்டறை வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தார். அவளுக்கு அந்தத் திட்டு நிற்க வேண்டாம் போலிருந்தது. நின்றால் யாராவது எதையாவது சொல்ல வேண்டிவரும்.

*

பட்டறைக்கு எதிரில் டீக்கடை. சொட்டு திட்டித் தீர்ந்த திருப்தியில் டீ வாங்கப் போனார். மூன்று டம்ளருக்கு மூன்று விரல் காட்டினார். கடைக்காரர் ஏதோ கேட்டார். சொட்டு தலையாட்டினார்.

"அக்கா," என்றான் தம்பி.

"சொல்லாத."

"அந்தச் சத்தத்துல எனக்கு இன்னும் காது அடைச்சிருக்கு."

"சொல்லாதன்னு சொன்னேன்ல."

அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். எதிர்க்கடையில் அவர் முதுகு தெரிந்தது.

"மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும்னு சொல்வாங்க," என்றான் தம்பி. "விசில், குருவி, போன் மணி. நாம பேசறது கேக்கும். வாயப் பாத்தா இன்னும் நல்லாக் கேக்கும். விசிலே கேக்கலன்னா எப்பக் கியர் மாத்தறது? சத்தம் கேக்கட்டும்னு மிதிச்சிருக்கார் மனுஷன். கேக்கல. இன்னும் மிதிச்சிருக்கார். எல்லா கியர்லயும் டர்போ முழுசா எந்திரிச்சே ஓடியிருக்கு. பதிமூணு வந்ததே பெருசு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "வண்டியில இருக்கற அத்தனையும் கழட்டிப் பாத்தேங்க்கா. ஓட்டுற ஆளப் பாக்கணும்னு தோணல எனக்கு."

"எனக்கு மட்டும் தோணுச்சா? ஒரே வீட்டுல இருக்கேன்."

அவளுக்கு ஒவ்வொன்றாக வந்தது. மகள் வெளியூரிலிருந்து போன் பண்ணினால், "நல்லாருக்கியாம்மா? சரி சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்," என்று உடனே நீட்டிவிடுவார். மகளுக்குக் கீச்சுக் குரல். அப்பாவுக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று போன மாதம்கூட அழுதாள். சவாரிக்காரர்களை முன்னால் உட்காரச் சொல்கிறார். எது சொன்னாலும் 'ம்ம்' என்கிறார். முன்பெல்லாம் ஒன்று சொன்னால் ஒன்பது எதிர்க்கேள்வி கேட்பார்.

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட பெருமையாச் சொன்னேன்டா," என்றாள். "வயசாக வயசாக எங்க வீட்டுக்காரர் சாது ஆயிட்டார், எதுக்கும் ம்ம் ம்ம்னு கேட்டுக்கறார்னு." சிரிக்க ஆரம்பித்தாள். தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் சேலைத் தலைப்பைக் கண்ணில் அழுத்திக்கொண்டாள்.

"நீ சொல்றியா?" என்று கேட்டாள்.

"என் வாயால வந்தா, கிளாம்பு மறந்தத மறைக்கச் சொல்றேம்பார். நீ சொன்னா சண்டைதான வரும்? அது உங்க ரெண்டு பேருக்கும் பழகினதுதான."

சொட்டு டீயோடு வந்தார். மூன்றிலும் சர்க்கரை இல்லை. அதைத்தான் கடைக்காரர் கேட்டிருக்கிறார் போல. தம்பி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாருக்கு மாமா," என்றான்.

*

நாலு மணி ரயிலுக்கு மேலே போக வேண்டும். ஏறும்போது வண்டி காலி. அவள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க?"

"சும்மா. காத்து வாங்க."

"மழையில காத்து வாங்கப் போறாளாம்."

மேடு தொடங்கியது. இரண்டாவது கியர். விசில் எழும்பியது. அவள் கையை நீட்டி அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என்ன?"

"மேல போடுங்க."

"இப்பவா? இழுக்காது."

"இழுக்கும். போடுங்க."

போட்டார். வண்டி ஒரு மூச்சு விட்டுவிட்டு ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தட்டினாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். மூன்றிலிருந்து நாலுக்குப் போனார். அடுத்த வளைவில் அவள் ஒரு தட்டு மட்டும் தட்டினாள். அவர் கேட்கவில்லை, கியரைக் கீழே இறக்கினார். அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து, ஆறு, ஏழு வளைவும் அப்படியே போயின. அவர் தாடை இறுகியிருந்தது.

ரயில் நிலைய வாசலில் நிறுத்தினார். மேடேறி வந்தால் டர்போ சூடாறுவதற்கு ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைப்பது வழக்கம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த சின்னத் திரையில் மைலேஜ் கணக்கு வந்தது. மேடு மட்டும், பதினாறரை.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றார்.

"மத்தியானம். குழா பிடுங்கினப்ப."

"சத்தம் வந்துச்சா?"

"ரோட்டுல போனவங்க காதப் பொத்தினாங்க."

"அப்படியா," என்றார். "அவன் ஒண்ணும் சொல்லலையே. நான் அந்தத் திட்டுத் திட்டினேன்."

ஒரு நிமிஷம் ஆகியிருந்தது. அவர் சாவியைத் தொடவில்லை.

"முதல்ல நான் நெசமாவே டர்போ செத்துப்போச்சுன்னுதான் நெனச்சேன். விசில் காணோம். இன்னும் கொஞ்சம் மிதிப்போம், வரும்னு பாத்தேன். அப்புறம் ஒருநாள், நீ அடுப்புல அந்த விசிலடிக்கற கெட்டில வச்சிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போயிட்ட. நான் அது முன்னாலதான் நிக்கறேன். ஆவி வருது. மூடி ஆடுது. நீ மாடியிலேருந்து ஓடி வந்து, இவ்ளோ நேரமா கத்துது, நிறுத்தினா என்னன்னு கேட்ட." அவர் ஸ்டீயரிங்கைத் தடவினார். "அன்னைக்குத் தெரிஞ்சிருச்சு."

"அது அஞ்சு மாசத்துக்கு முன்னங்க."

"ம்ம்."

"அப்புறமும் அவன அத்தன தடவ டர்போவக் கழட்ட வச்சீங்களே?"

"டர்போ கெட்டுப்போயிருந்தா வேற மாத்திடலாம்ல," என்றார்.

அவள் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்தாள்.

"ஒவ்வொரு தடவ அவன் கழட்டறப்பவும் வேண்டிக்குவேன். ஆட்டம் இருக்கணும், எண்ணெய் கசியணும். அவன் நல்லாருக்கு மாமா நல்லாருக்கு மாமான்னு சொல்றப்ப எனக்கு அவன அடிக்கணும்போல இருக்கும்."

பிளாட்பாரத்தில் மணி அடித்தது. அவள் திரும்பினாள். அவர் திரும்பவில்லை.

"இன்னொண்ணு இருக்கு," என்றார். "போன மாசம். மூணாவது வளைவுலேருந்து ஆறாவது வளைவு வரைக்கும் என் பின்னாலயே ஒரு ஆம்புலன்ஸ். நான் நடு ரோட்டுல போய்க்கிட்டிருக்கேன். எதேச்சையாக் கண்ணாடியப் பாக்கறேன், செவப்பு வெளிச்சம் சுத்துது. ஒதுங்கினேன். அந்த டிரைவர் என்னப் பாத்துக்கிட்டே போனான். உள்ள யார் இருந்தாங்களோ. பொழைச்சாங்களோ என்னமோ. யார்கிட்டப் போய்க் கேக்கறது? இறங்கிப் போய் உன் நர்சுங்ககிட்டக் கேக்கலாம்னு ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். என்னன்னு கேப்பேன்? வந்துட்டேன்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா சாவியக் கேப்ப."

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். சொட்டுக்கு அது தெரியாமல் இல்லை. அவள் அணைக்கச் சொல்லவில்லை.

"நாளைக்கு வர்றவன்கிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார்.

"வண்டிக்கு ஒரு குறையும் இல்லன்னு சொல்லுங்க."

"அப்ப எதுக்கு விக்கறேம்பான்."

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அவர் சிரித்தார். சிரிப்பில் சத்தமில்லை. ரயில் வந்து நின்றது. ஜனங்கள் பெட்டியும் பையுமாக வெளியே வந்தார்கள். ஒரு தாயும், தோளில் தூங்கும் குழந்தையும் அவர்கள் வண்டியை நோக்கி வந்தார்கள். கீழே பேருந்து நிலையம் போகணும் என்றாள் அந்தப் பெண். அவர் அந்தக் குழந்தையைப் பார்த்தார். சாவி ஏற்கெனவே வண்டியில்தான் இருந்தது. கதவைத் திறந்து இறங்கினார். பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தார். சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"நகரு," என்றார். "நீ ஓட்டு."

*

செவ்வாய்க்கிழமை காது ஆஸ்பத்திரிக்குத் தம்பி ஓட்டினான். சொட்டு முன்னால். பாதி வழியில் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ளே, அந்தக் கிளாம்பு உன் தப்பு."

"ஆமா மாமா."

"மத்ததெல்லாம் என் தப்பு."

தம்பி அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, வாய் தெரிகிற மாதிரிச் சொன்னான்: "கிளாம்ப மட்டும் விட மாட்டீங்களா?"

"எப்படி விடுவேன்? எனக்குன்னு கெடைச்சது அது ஒண்ணுதான்."

பின்சீட்டில் அவள் சிரித்ததை அவர் கண்ணாடியில் பார்த்தார்.

சோதிக்கிற அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. ஒரு கண்ணாடி ஜன்னல். வெளியே ஒரு மேசை. அதில் கருவி. கருவிக்கு முன்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். அந்தப் பெண் சொட்டுவின் தலையில் காதுப்பட்டையை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா அழுத்துங்க. ரொம்ப லேசாக் கேட்டாலும் அழுத்துங்க. கேக்கலன்னா அழுத்தாதீங்க. உத்தேசமா அழுத்தினீங்கன்னா காதுல வைக்கற மிஷினத் தப்பா அமைச்சிடுவோம், அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம். சரியா?"

"அந்த மிஷின வச்சா வண்டி ஓட்டலாமா?"

"எவ்வளவு கேக்குதுன்னு பாத்துத்தான் சொல்ல முடியும்."

கதவு மூடியது. அக்காள் ஜன்னலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி சுவரோரம் நின்றான். வெள்ளைக் கோட்டுப் பெண் சத்தம் அனுப்பும்போதெல்லாம் கருவியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அவர் உள்ளே அழுத்தினால் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு.

முதலில் தடித்த சத்தங்கள். பச்சை, சிவப்பு. பச்சை, சிவப்பு. வாத்தியார் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்குகிற பிள்ளை மாதிரி அவர் அழுத்தினார். தம்பி, "பரவாயில்லையே," என்றான்.

வெள்ளைக் கோட்டுப் பெண் ஒரு திருகைத் திருப்பினாள். பச்சை. சிவப்பு, கொஞ்சம் தாமதமாக. இன்னொரு திருப்பு. பச்சை.

சிவப்பு வரவில்லை.

அக்காள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது. அவள் கண் விளக்குக்குப் போவதையும் வருவதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை எரிந்தது. அவள் புருவம் ஒரு நூல் அசைந்தது. சிவப்பு எரிந்தது.

"ம், கேக்குது," என்று வெள்ளைக் கோட்டுப் பெண் எழுதப் போனாள்.

இத்தனை மாதமாகத் தன் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட அவள் கை துடித்தது. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"அத எழுதாதீங்கம்மா," என்றாள். "திரும்ப அனுப்புங்க."

நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவரில் ஒரு கடிகாரம். அதன் நொடி முள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. அரைச் சுற்று. ஒரு சுற்று. பின்னால் திருகு திரும்புகிற சத்தம் கேட்டது.

"அக்கா," என்றான் தம்பி மெதுவாக.

அவள் திரும்பினாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குள் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் பட்டனை விட்டு எழும்பி, அப்படியே நின்றது. அவர் அழுத்தவில்லை.